உரிமம் யார் பெயரில் இருக்கிறது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். முன்பு எங்கள் நிறுவனத்தில் பயிற்சிப் பொறியாளராக இருந்தவர். இப்போது பீளமேட்டில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, நான்கு பேருடன் சொந்தமாக நிறுவனம் நடத்துகிறார். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் சில நேரங்களில் மூச்சு விடுவதை நிறுத்திவிடுவார்கள். உள்ளங்காலைத் தட்டினாலோ முதுகைத் தடவினாலோ பெரும்பாலும் மூச்சு திரும்பிவிடும். ஆனால் தட்டுவதற்கு யாராவது கவனித்திருக்க வேண்டும். அப்படி மூச்சு நின்றவுடன் ஒலியெழுப்பும் கருவி ஒன்றை, குழந்தையின் வயிற்றில் துணிப்பட்டையால் கட்டிவிடக்கூடிய அளவில், அவர்கள் செய்திருக்கிறார்கள். "அக்கா, பெரிய கம்பெனி ஒன்று சேர்ந்து செய்யலாம் என்கிறது. பதினேழு பக்கத்தில் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதா, தனியாகவே ஓட்டிப் பார்ப்பதா?" என்று கேட்டார்.

மருத்துவக் கருவித் தொழிலில் தரக்கட்டுப்பாடு, உரிமம் சார்ந்த வேலைகளிலேயே என் பெரும்பாலான ஆண்டுகள் கழிந்துவிட்டன. இந்தக் கேள்வியைக் குறைந்தது பத்துப் பேராவது என்னிடம் கேட்டிருப்பார்கள். உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒப்பந்தத்தை அனுப்பச் சொல்லி, இரண்டு இரவுகள் உட்கார்ந்து படித்தேன். அவரிடம் பேசியவற்றை, அவருடைய சம்மதத்துடன், கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

தனியாக நிற்பதைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்களில் பலர் மருத்துவக் கருவி விற்பனை எப்படி நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் அல்லர். ஒரு கருவி வேலை செய்வது முதல் படி மட்டுமே. மின் பாதுகாப்புச் சோதனை, உடலில் படும் பாகங்களுக்கான ஒவ்வாமைச் சோதனை, ஐ.எஸ்.ஓ. 13485 தரச் சான்று, அதன்பின் மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-இன் கீழ் உற்பத்தி உரிமம் என்று ஒவ்வொரு கட்டமும் பணத்தையும் மாதங்களையும் விழுங்கும். சில எளிய ஏ வகுப்புக் கருவிகள் நீங்கலாக, ஆபத்து குறைந்த ஏ, பி வகுப்புக் கருவிகளுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், ஆபத்து கூடுதலான சி, டி வகுப்புகளுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயமாகிவிட்டது. நோயாளிகளின் நலனுக்கு இது நல்லது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் நான்கு பேர் கொண்ட நிறுவனத்துக்கு அந்தக் கோப்புகளைத் தயாரிக்கவே ஒரு முழுநேர ஆள் வேண்டும்.

உரிமம் வந்தபின் டெண்டர். முந்தைய மூன்று ஆண்டுகளின் விற்றுவரவு, இதே கருவி எத்தனை மருத்துவமனைகளில் எத்தனை ஆண்டுகளாக இயங்குகிறது என்ற சான்று, மாவட்டந்தோறும் பழுதுபார்க்க ஆள் இருக்கிறார்களா என்ற விவரம் ஆகியவற்றைப் பொதுவாகக் கேட்பார்கள். பதிவு பெற்ற ஸ்டார்ட்அப் நிறுவனங்களுக்கு விற்றுவரவிலும் முன்னனுபவத்திலும் தளர்வு அளிக்கலாம் என்று விதியில் இடம் இருக்கிறது. ஆயினும் பிறந்த குழந்தைகள் பிரிவுக்குக் கருவி வாங்கும் அதிகாரி ஒருவர், இரவு இரண்டு மணிக்குக் கருவி நின்றுபோனால் யார் வருவார்கள் என்று கேட்டால் அதைத் தவறென்று சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்குச் சிறு நிறுவனத்திடம் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. பெரிய நிறுவனத்திடம் இருக்கிறது. கூட்டுச் சேரும் எண்ணம் பிறப்பது இந்த இடத்தில்தான்.

எங்கள் கதையையும் சொல்ல வேண்டும். அம்பத்தூரில் பதினோரு பேராக இருந்தபோது நாங்கள் சிரிஞ்ச் பம்ப் செய்தோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் இரத்தக் குழாய்க்குள் மருந்தை மணிக்கு இத்தனை மில்லி என்று துல்லியமாகத் தள்ளும் கருவி அது. எங்கள் பம்ப் நன்றாகவே இருந்தது. உள்ளூர் சந்தையில் கிடைக்கும் எந்த நிறுவனத்தின் 50 மில்லி சிரிஞ்சும் அதில் பொருந்தும் என்பதால், மருத்துவமனைகள் அதை விரும்பின. ஒரு பெரிய விநியோகஸ்தர் எங்களைத் தேடி வந்தார். இந்தியா முழுவதற்கும் ஐந்தாண்டுகளுக்குப் பிரத்யேக விற்பனை உரிமை கேட்டார், கொடுத்தோம். ஆண்டுக்குக் குறைந்தபட்சம் இத்தனை பம்புகள் எடுக்க வேண்டும் என்ற வரி அந்த ஒப்பந்தத்தில் இல்லை. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று அஞ்சி நாங்களே அதைக் கேட்காமல் விட்டோம்.

அவர் வெளிநாட்டுப் பம்ப் ஒன்றையும் விற்றுவந்தார். எங்கள் பம்பின் விலை அதில் பாதிகூட இல்லை. ஒரே விழுக்காடு கமிஷன் என்றால் எங்கள் பம்பை விற்றால் அவருக்குக் கிடைப்பதும் பாதிக்குக் குறைவு. ஒரு பம்பை விற்க ஆகும் அலைச்சலோ இரண்டுக்கும் ஒன்றுதான். இதில் சூழ்ச்சி எதுவும் தேவையில்லை; கணக்கே போதும். இரண்டாவது ஆண்டின் முடிவில் அவருடைய கிடங்குக்கு நான் போனேன். முதல் தவணையில் நாங்கள் அனுப்பிய பெட்டிகள் மூன்று அடுக்காக நின்றன. ஒட்டுத்தாளில் தொகுதி எண்கள் என் கையெழுத்திலேயே இருந்தன. ஒரு பெட்டியைப் பிரித்துப் பம்பை மின்சாரம் இல்லாமல் இயக்கிப் பார்த்தேன், விளக்குகூட எரியவில்லை. பதினெட்டு மாதங்கள் சார்ஜ் ஏற்றாமல் கிடந்ததில் பேட்டரி செத்திருந்தது. அடுத்த பெட்டியிலும் அப்படியே. அதே வாரம் ஒரு மாவட்ட மருத்துவமனையின் மயக்கவியல் மருத்துவர், "உங்கள் பம்பைக் கேட்டேன், கிடைப்பதில்லை என்றார்களே" என்றார். நாங்கள் வேறு யாருக்கும் விற்கக்கூடாது. மீதி மூன்றாண்டுகளை எப்படிக் கடத்தினோம் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

இந்த அனுபவத்திலிருந்து, கூட்டே வேண்டாம் என்ற முடிவுக்குப் பல ஆண்டுகள் நான் வந்திருந்தேன். பிறகுதான், எங்களைச் சிக்க வைத்தது கூட்டு என்பதைவிட, கருவி மக்களிடம் போகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை நாங்கள் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டதுதான் என்று புரிந்தது. இதை எனக்குப் புரியவைத்தது அமெரிக்காவில் நடந்த ஒரு வென்டிலேட்டர் திட்டத்தின் வரலாறு.

பெருந்தொற்று ஒன்று வந்தால் நாட்டில் இருக்கும் வென்டிலேட்டர்கள் போதாது என்று அமெரிக்க சுகாதாரத் துறை முன்கூட்டியே கணக்கிட்டிருந்தது. அப்போது ஒரு வென்டிலேட்டரின் விலை சுமார் 10,000 டாலர். எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய, அதிகப் பயிற்சி இல்லாதவரும் இயக்கக்கூடிய ஒன்றை 3,000 டாலருக்குள் செய்துதர வேண்டும் என்று, கலிபோர்னியாவின் கோஸ்டா மேசா நகரில் இருந்த நியூபோர்ட் மெடிக்கல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்துக்கு 2010-இல் ஒப்பந்தம் கொடுத்தார்கள். மொத்தம் 40,000 கருவிகள் வாங்குவது திட்டம். 2011-இல் மூன்று மாதிரிக் கருவிகள் அரசின் கைக்கு வந்தன. 2013 செப்டம்பரில் சந்தை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் கட்டத்தை நோக்கி வேலை நடந்துகொண்டிருந்தது. வென்டிலேட்டரைத் தவிர வேறு எதையும் செய்யாத நிறுவனம் அது. இந்த ஒப்பந்தம் அவர்களுக்கு உயிர்நாடி.

2012-இல் கோவிடியன் என்ற பெருநிறுவனம் நியூபோர்ட்டைச் சுமார் 100 மில்லியன் டாலருக்கு வாங்கியது. கோவிடியனிடம் ஏற்கெனவே வேறு வென்டிலேட்டர்கள் இருந்தன. வாங்கியபின் கூடுதல் நிதி கேட்டார்கள், அரசு கொடுத்தது. விலையை உயர்த்தவும் கேட்டார்கள். 2014-இல், இது லாபகரமாக இல்லை, ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்கிறோம் என்றார்கள். ஒரு கருவிகூட அரசின் இருப்புக்கு வரவில்லை. மலிவான கருவி தங்கள் விலையுயர்ந்த கருவியின் சந்தையைக் கெடுத்துவிடும் என்பதற்காகவே வாங்கி முடக்கினார்களோ என்று அரசு அதிகாரிகள் சிலரும் போட்டி நிறுவனங்களின் நிர்வாகிகள் சிலரும் சந்தேகப்பட்டார்கள். அந்த மாதிரி அரசு கேட்ட தரத்தையும் விலையையும் எட்டக்கூடியதாக இல்லை என்பது நிறுவனத் தரப்பின் விளக்கம். இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. 2014-இல் அரசு பிலிப்ஸ் நிறுவனத்துடன் புதிய ஒப்பந்தம் போட்டு, ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து நின்றபோது அந்தக் கருவிகளும் வந்து சேர்ந்திருக்கவில்லை.

இந்தக் கதையைச் சொல்லும் பலர், சிறு நிறுவனம் தன்னை விற்றிருக்கக்கூடாது என்று முடிக்கிறார்கள். நியூபோர்ட் அதற்கு முன்பே ஒரு ஜப்பானிய நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. விற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் கருவியைச் செய்தவர்கள் இல்லை. அரசுக்கோ, மற்றவர்களுக்கோ, உரிமையாளர் மாறிக் கருவி கைவிடப்பட்டால் வரைபடங்களையும் சோதனைத் தரவுகளையும் எடுத்து இன்னொருவரிடம் கொடுத்து வேலையைத் தொடர வழி இருந்திருந்தால், 2014-க்குப் பிந்தைய ஆறு ஆண்டுகள் வீணாகியிருக்காது என்பதே என்னை வருத்துகிறது. பேரிடர் காலத்தில் ஒரு ஆண்டு என்பது எத்தனை உயிர்கள் என்பதை 2020-இலும் 2021-இலும் நாமும் பார்த்தோம்.

எதிர்த்திசையில் ஒரு கதை உண்டு. நம் மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போகிறவர்கள் பேஷன்ட் மானிட்டரின் பக்கவாட்டைப் பாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் சென்சாரின் வயர் செருகும் துளைக்கு அருகில், மானிட்டரைச் செய்த நிறுவனத்தின் பெயர் எதுவாக இருந்தாலும், 'மாசிமோ' என்ற சிறிய எழுத்துகள் பல கருவிகளில் இருக்கும். 1989-இல் ஜோ கியானி கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் அது. நோயாளி கையை அசைத்தால் பழைய பல்ஸ் ஆக்ஸிமீட்டர்கள் தவறான எண்ணைக் காட்டும் அல்லது காரணமின்றி அலறும். ஓயாமல் அசையும் பச்சிளம் குழந்தைகளிடம் இது பெரிய தொல்லை. அசைவை மீறி அளக்கும் முறையை மாசிமோ கண்டுபிடித்தது. ஆயினும் அமெரிக்க மருத்துவமனைகளுக்காகக் கூட்டாகக் கொள்முதல் பேசும் பெரும் அமைப்புகளின் ஒப்பந்தங்கள், ஏற்கெனவே சந்தையில் இருந்த நெல்கோர் போன்ற பெரிய பெயர்களுக்குச் சாதகமாக இருந்ததால், நல்ல கருவியை வைத்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டியிருந்தது. 2002-இல் கியானி செனட் விசாரணையில் இதைப் பற்றிச் சாட்சியம் அளித்தார். காப்புரிமை வழக்கில் 2006-இல் நெல்கோர் தரப்பு 330 மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. நெல்கோரை வைத்திருந்த டைகோ குழுமத்தின் மருத்துவப் பிரிவுதான் பின்னாளில் கோவிடியன் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

வழக்கைவிட என்னை ஈர்ப்பது அவர்கள் கூட்டுச் சேர்ந்த விதம். தங்கள் அளவீட்டு முறையை ஒரு சர்க்யூட் போர்டாகச் செய்து, மானிட்டர் செய்யும் நிறுவனங்கள் பலவற்றுக்கும் கொடுத்தார்கள். ஒருவருக்கு மட்டும் என்று எழுதிக்கொடுக்கவில்லை. மானிட்டரை விற்பதும் பழுதுபார்ப்பதும் பெரியவர்களின் வேலை, அளவீடு இவர்களுடையது, பெயரும் பெட்டியின் மேல் இருக்கும். ஒரு கூட்டாளி மனம் மாறினாலும் மற்றவர்கள் வழியாகக் கருவி நோயாளியைச் சென்றடையும். எங்கள் பம்புக்கு நாங்கள் இப்படி யோசித்திருந்தால் மாநிலத்துக்கு ஒரு விநியோகஸ்தர் என்று பிரித்திருப்போம்.

நம் ஊரிலும் நல்ல முன்மாதிரிகள் உண்டு. மஞ்சள் காமாலை வந்த பச்சிளம் குழந்தைகளுக்கு நீல ஒளி கொடுக்கும் 'பிரில்லியன்ஸ்' என்ற கருவியை டி-ரெவ் என்ற அமெரிக்க லாபநோக்கற்ற அமைப்பு வடிவமைத்தது. அவர்களிடம் தொழிற்சாலையும் இல்லை, விற்பனையாளரும் இல்லை. சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து, 2012-இல் சுமார் 400 டாலர் விலையில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஒப்பந்தத்தில் ராயல்டியை, அதாவது விற்கும் கருவிகளுக்காக வடிவமைத்தவர்களுக்குத் தரும் தொகையை, அமைத்த விதத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது: அரசு மருத்துவமனைகளுக்கும் வசதி குறைந்த இடங்களுக்கும் விற்பது கூட்டாளிக்கு அதிக ஆதாயமாக இருக்கும்படி அதை எழுதியிருந்தார்கள். எங்கள் விநியோகஸ்தரின் கணக்கு எங்களுக்கு எதிராக வேலை செய்தது. இவர்கள் கணக்கையே தங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

தனியாக நின்று வென்றவர்களுக்கு எடுத்துக்காட்டு என்றால் எல்லோரும் மதுரை அரோலேப்பைச் சொல்வார்கள், நானும் சொல்வேன். 1992-இல், கண்புரையை அகற்றியபின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியில் 100 டாலரை ஒட்டி விற்றபோது, அதைச் சுமார் 10 டாலருக்குச் செய்யத் தொடங்கி, பிறகு அதைவிடவும் குறைத்து, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். யாருக்கும் விற்கப்படாத அறக்கட்டளை நிறுவனம். ஆனால் அதன் தொடக்கத்தைக் கவனிக்க வேண்டும். தொழில்நுட்பம் அமெரிக்காவிலிருந்து ஒப்பந்தத்தின் பேரில் வந்தது. சேவா என்ற அமெரிக்கத் தொண்டு அறக்கட்டளையும், அதில் பணியாற்றிய டேவிட் கிரீனும் அதற்குத் துணை நின்றார்கள். லென்ஸ் வாங்குவதற்கு டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கி வளர்த்த அரவிந்த் கண் மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தது. முதல் நாளிலிருந்தே நிச்சயமான வாடிக்கையாளர், குறையிருந்தால் அன்றே சொல்லும் மருத்துவர்கள். இப்படி ஒரு தாய்மடி இருக்கும் நிறுவனம் தனியாக நிற்கலாம், நிற்கவும் வேண்டும். பீளமேட்டு மாடியில் இருக்கும் தம்பிக்கு அந்த மடி இல்லை.

ஆகவே அவரிடம், கூட்டுச் சேருங்கள் என்றுதான் சொன்னேன். விற்பனையைக் கொடுக்கலாம், உற்பத்தியைக் கொடுக்கலாம், லாபத்தில் பெரும்பங்கைக்கூடக் கொடுக்கலாம். விதைநெல்லை மட்டும் கொடுக்கக்கூடாது. நம் தொழிலில் விதைநெல் என்பது மூன்று பொருள்கள்: வடிவமைப்புக் கோப்பு, நோயாளிகளிடம் செய்த சோதனைகளின் தரவு, உற்பத்தி உரிமத்தில் இருக்கும் பெயர். முதல் இரண்டையும் பற்றி வழக்கறிஞர்கள் எச்சரிப்பார்கள். மூன்றாவதைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அவருடைய பதினேழு பக்க வரைவில் ஒன்பதாவது பக்கத்தில் அது இருந்தது. உற்பத்தி கூட்டாளியின் தொழிற்சாலையில் நடக்கும் என்பதால் உரிமமும் கூட்டாளியின் பெயரிலேயே பெறப்படும் என்று, நடைமுறை விவரம் போல ஒரே வாக்கியத்தில் எழுதியிருந்தார்கள். தீய எண்ணத்துடன் எழுதியது என்று நான் நினைக்கவில்லை. பெரிய நிறுவனங்களின் வழக்கமான வரைவு அப்படித்தான் இருக்கும். ஆனால் ஏழாண்டுகள் கழித்து அவர்கள் பிரிந்தால், கருவியைக் கண்டுபிடித்தவர் அதை ஒன்றுகூடச் சட்டப்படி விற்க முடியாமல், முதல் படிவத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். அதுவரை மருத்துவமனைகளில் இருக்கும் கருவிகளுக்குப் பட்டை, பேட்டரி மாற்றித் தருவதுகூடச் சிக்கலாகிவிடும்.

இதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. மருத்துவக் கருவிகள் விதிகள் 'லோன் லைசென்ஸ்' என்ற ஒன்றை அனுமதிக்கின்றன. அதே கருவியைச் செய்ய உரிமம் பெற்ற இன்னொருவருடைய தொழிற்சாலையைப் பயன்படுத்தி, நம் பெயரிலும் உரிமம் பெற்று, நம் கருவியைச் செய்துகொள்ளலாம்; ஏ, பி வகுப்புக் கருவிகளுக்கு அது எம்.டி.-6 படிவத்திலும், சி, டி வகுப்புகளுக்கு எம்.டி.-10 படிவத்திலும் வழங்கப்படுகிறது. மருந்துத் துறையில் இது பல காலமாகப் பழகிய நடைமுறை. இதில் நமக்குப் பொறுப்பு கூடும். கருவியால் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். அந்தப் பொறுப்பை ஏற்கத் தயாராக இல்லாதவர்கள் உரிமத்தைக் கேட்கக்கூடாது என்பதையும் அவரிடம் அழுத்தமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "ஏற்கிறோம் அக்கா" என்றார்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பிரத்யேக உரிமை என்றால் ஆண்டுக்குக் குறைந்தபட்சக் கொள்முதல் எண்ணிக்கை எழுதப்பட வேண்டும். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து எட்டவில்லை என்றால் பிரத்யேகம் தானாகவே விலக வேண்டும். கூட்டாளி நிறுவனம் வேறு ஒருவருக்கு விற்கப்பட்டால், புதிய உரிமையாளருடன் தொடர்வதா என்று தம்பியின் நிறுவனம் முடிவெடுக்க உரிமை வேண்டும். கருவியில் இனி வரும் மேம்பாடுகள் அனைத்தும் கூட்டாளிக்கே சொந்தம் என்ற வரியை எடுத்துவிட வேண்டும். அவர்கள் செய்தது அவர்களுக்கு, இவர்கள் செய்தது இவர்களுக்கு.

மூன்று வாரங்களுக்குப் பிறகு திருத்திய வரைவு வந்தது. குறைந்தபட்ச எண்ணிக்கையை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்; அவர்கள் குறித்த எண் நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. லோன் லைசென்ஸ் பற்றி அவர்களுடைய தரப் பிரிவின் தலைவர் நேரில் பேச வேண்டும் என்றார். அடுத்த வியாழக்கிழமை தம்பி சென்னைக்கு வருகிறார். கோப்புகளை எடுத்துக்கொண்டு நானும் உடன் போகிறேன். மேம்பாடுகள் பற்றிய வரி இன்னும் அப்படியே இருக்கிறது. அதன் அருகில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.